நம்ம வண்டிக்கு நாமே ஆயில் மாத்துவோம்!



பேரேடு எழுதுவது, கடன் மனு தயாரிப்பது, வங்கிக்குப் போய்ப் பேசுவது என்று எத்தனையோ பாடங்களை நாம் சேர்ந்து படித்திருக்கிறோம். இந்த இதழில் கை கொஞ்சம் கறுக்கும் ஒரு பாடம். நம்மில் பலர் வீட்டில் இப்போது இரு சக்கர வண்டி இருக்கிறது. குழுக் கடனில் வாங்கியது உண்டு, நகையை அடகு வைத்து வாங்கியது உண்டு, பழைய வண்டியைக் கைமாற்றாக வாங்கியதும் உண்டு. அந்த வண்டிக்கு இஞ்சின் ஆயில் மாற்றுவது எப்படி, அதற்கு ஒரு பொது இடத்தையும் கருவிகளையும் குழுக்களாகச் சேர்ந்து வைத்துக்கொள்வது எப்படி என்பதைத்தான் படிக்கப் போகிறோம்.

"இதெல்லாம் ஆம்பளைங்க வேலையாச்சே, நமக்கு எதுக்குத்தா?" என்று சில அக்காமார் கேட்பது காதில் விழுகிறது. வங்கிக்குப் போவதும் ஒரு காலத்தில் ஆம்பளைங்க வேலைதான். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஏன் இந்தப் பாடம்?

கூடலூர்ப் பக்கம் ஒரு சகோதரி. பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குழுக் கடனில் பழைய எக்ஸ்.எல். 100 வண்டி ஒன்று வாங்கினார். காலையில் பால் கேனை ஏற்றிக்கொண்டு சொசைட்டிக்குப் போவார். பிறகு அதே வண்டியில் திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போவார். சாயங்காலம் மாட்டுக்குத் தீவனக் கட்டு. வண்டி ஒரு நாள்கூடச் சும்மா நிற்கவில்லை. ஆனால் வாங்கியதிலிருந்து ஆயில் மட்டும் மாற்றவில்லை. வீட்டில் கேட்டால் "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்றே போய்விட்டது. ஒரு நாள் கம்பம் ரோட்டில் இஞ்சின் இறுகி நின்றது. பிஸ்டன், சிலிண்டர் எல்லாம் மாற்ற வேண்டும் என்றார்கள். கையில் அவ்வளவு பணம் இல்லை. வண்டி வீட்டு ஓரத்தில் சாக்குப் போட்டு நின்றது. குழுவுக்குத் தவணை மட்டும் மாதா மாதம் போய்க்கொண்டிருந்தது.

அவர் சொன்னது இதுதான்: "கடனுக்கு எம்பேரு, தவணைக்கு எம்பேரு. வண்டிக்குள்ள என்ன இருக்குன்னு மட்டும் எனக்கு யாரும் சொல்லல."

ஆயில் ஒரு பாட்டில் சில நூறு ரூபாய். இஞ்சின் வேலை பல ஆயிரம் ரூபாய். நடுவில் இருக்கும் வித்தியாசம் நமது பல மாதச் சேமிப்பு. நாம் இழப்பது பணம் மட்டும் இல்லை. வண்டி நின்ற நாளில் பால் சொசைட்டிக்கு நேரத்துக்குப் போகாது. தோட்டத்துக் கூலி போய்விடும். "வண்டி இருந்து என்னத்துக்கு, வித்துப்புடு" என்று வீட்டில் பேச்சு எழும். அதோடு நமது போக்குவரத்தும் பழையபடி அடுத்தவர் கையைப் பார்க்கும் நிலைக்குப் போய்விடும்.

நமக்கு முன்னால் பழகியவர்கள்

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்து கற்ற பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கம் கொடுத்தார். ஒன்றரை ஆண்டு சொச்சத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. பிறகு அறிவொளிப் பெண் தொண்டர்களுக்காக யுனிசெப் நிறுவனம் 50 மொபெட்டுகளை ஒதுக்கியது.

உத்தரப்பிரதேசத்தில் பாந்தா என்று வறண்ட மாவட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே 1990-களின் தொடக்கத்தில் மகிளா சமாக்யா திட்டத்தில் சேர்ந்த பெண்கள் அடிபம்பைக் கழற்றிப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர் சுமப்பது பெண்கள். ஆனால் பம்பு கெட்டால் மெக்கானிக் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை அவர்கள் ஸ்பேனரை எடுத்து முடித்து வைத்தார்கள். அவர்களில் பலர் அதுவரை பள்ளிக்கூடம் போகாதவர்கள்.

நமது மாநிலத்திலும் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இரு சக்கர வண்டி வாங்க மானியம் தரும் திட்டம் 2018 பிப்ரவரியில் தொடங்கியது. வண்டி விலையில் பாதி, அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அது அப்போது மானியமாகக் கிடைத்தது. அப்படி வண்டி வாங்கிய பெண்கள் நமது பகுதியிலும் இருக்கிறார்கள். வண்டி வாங்க வழி சொன்னார்கள், லைசென்ஸ் எடுக்கவும் பழகிவிட்டோம். வண்டியைப் பராமரிக்கும் பாடம்தான் பாக்கி.

ஆயில் உள்ளே என்ன செய்கிறது?

மாட்டுவண்டி அச்சுக்கு மசகு போடுவதை நமது தாத்தா காலத்திலிருந்து பார்த்திருக்கிறோம். மசகு வற்றினால் அச்சு கத்தும், சூடேறும், தேயும். இஞ்சினிலும் அதே கதைதான். உள்ளே பிஸ்டன் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் ஓடுகிறது. இரும்பும் இரும்பும் நேராக உரசாமல் நடுவில் மெல்லிய படலமாக நிற்பது ஆயில். அது சூட்டை வாங்கிக்கொள்கிறது. கரியையும் தூசியையும் தன்னோடு சேர்த்து வைத்துக்கொள்கிறது. நாள் ஆக ஆக அதன் வலு குறைகிறது. கொஞ்சம் கொஞ்சமாக அளவும் குறைகிறது.

நமது பள்ளத்தாக்கில் இஞ்சினுக்கு வேலை கூடுதல். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏறும் பாதை, கம்பம்மெட்டு ஏற்றம், போடிமெட்டு ஏற்றம் எல்லாம் வண்டியைச் சூடாக்கும். வாய்க்கால் கரை மண்பாதையில் தூசி. முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு ஆள். இப்படிப் பாரம் இழுக்கும் வண்டிக்கு ஆயில் அளவை 15 நாளைக்கு ஒரு தடவையாவது பார்ப்பது நல்லது.

முதலில் நம்ம வண்டி எது என்று தெரிய வேண்டும்

1. பழைய டூ-ஸ்ட்ரோக் மொபெட்: 1980-ல் ஓசூரில் தயாராகி வந்த டி.வி.எஸ். 50, அதற்குப் பின் வந்த எக்ஸ்.எல். சூப்பர் போன்றவை இந்த வகை. இவற்றில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றுவோம். அந்த ஆயில் எரிந்துபோகும். நாம் இங்கே படிக்கும் முறை இவற்றுக்குப் பொருந்தாது.

2. ஃபோர்-ஸ்ட்ரோக் மொபெட், பைக்: 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100, ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகள். இவற்றில் ஆயில் இஞ்சினுக்கு அடியில் தனியாகத் தங்கி இருக்கும். இதைத்தான் வடித்து மாற்ற வேண்டும்.

3. ஸ்கூட்டர்: ஆக்டிவா போன்ற வண்டிகள். இவற்றில் இஞ்சின் ஆயில் தனி, பின் சக்கரத்துப் பக்கம் கியர் ஆயில் தனி. இரண்டுக்கும் தனித்தனி நட்டு. இஞ்சின் ஆயில் என்று நினைத்துக் கியர் ஆயிலை வடித்துவிடக் கூடாது. எது எது என்பதை முதல் தடவை தெரிந்த ஒருவரை வைத்துக் காட்டச் சொல்லி, பெயிண்ட் பொட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி வண்டிக்கு இஞ்சினே கிடையாது. அதனால் இஞ்சின் ஆயிலும் கிடையாது.

புது வண்டி வாரண்டியில் இருந்தால், இலவச சர்வீஸ் முடியும்வரை கம்பெனி சர்வீஸுக்கே விடுங்கள். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை விழுந்தால்தான் பிற்பாடு உரிமையோடு கேட்க முடியும்.

எப்போது மாற்றுவது? எந்த ஆயில் வாங்குவது?

வண்டியோடு ஒரு சின்னப் புத்தகம் தந்திருப்பார்கள். அதில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், எந்த ஆயில், எவ்வளவு என்று இருக்கும். சில வண்டிகளுக்கு 3,000 கிலோமீட்டர், சிலவற்றுக்கு 6,000. பக்கத்து வீட்டு வண்டிக் கணக்கை நம்ம வண்டிக்குப் போடக் கூடாது. புத்தகம் தொலைந்திருந்தால் அந்தக் கம்பெனி சர்வீஸ் கடையில் வண்டி மாடலைச் சொல்லிக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஆயில் பாட்டிலில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, 10 டபிள்யூ 30, 20 டபிள்யூ 40 என்பது போன்ற எண். இது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்வது. இரண்டாவது, ஜே.ஏ.எஸ்.ஓ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எம்.ஏ. அல்லது எம்.பி. என்ற குறி. பைக்குகளில் பெரும்பாலும் கிளட்ச் தட்டும் ஆயிலிலேயே நனைந்து கிடக்கும். அதற்கு எம்.ஏ. வகை வேண்டும். எம்.பி. அதிக வழுவழுப்பு. அது பல ஸ்கூட்டர்களுக்கு ஏற்றது. அதையே பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், ஏற்றத்தில் இழுவை போய்விடும். எண், குறி இரண்டும் நம்ம வண்டிப் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப் போக வேண்டும்.

சீல் உடையாத பாட்டிலாகப் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். காலி பாட்டிலைக் கத்தியால் கிழித்துவிட்டுப் போடுங்கள். கிழிக்காத பாட்டிலில் போலி ஆயிலை அடைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.

தொடங்கும் முன்

தோட்ட வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேல் ஒரு பழைய சட்டை போட்டுக்கொள்வோமே, அதே சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். முந்தானையை இறுக்கிச் செருகுங்கள். கண்ணாடி வளையலைக் கழற்றி வையுங்கள். கையில் உறை போடுங்கள். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். அடுப்பு, பீடி, சாமி விளக்கு எதுவும் அருகில் இருக்கக் கூடாது. ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். ஆயில் சிந்தினால் மணலைப் போட்டு அள்ளிவிடலாம்.

வேண்டிய சாமான்கள்: நட்டுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் (பல வண்டிகளுக்கு 17-ம் நம்பர், ஆனால் பொருத்திப் பார்த்தே எடுக்க வேண்டும்), பழைய அகலமான பேசின், புனல், அளவுக் குவளை, புது வாசர், பனியன் வேஸ்ட், மூடி உள்ள கேன்.

செய்முறை: எட்டுப் படிகள்

*படி 1.* வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். மூன்று, நான்கு நிமிடம் இஞ்சினை ஓட விட்டு அணையுங்கள். ஆயில் இளஞ்சூடானால் அழுக்கோடு சேர்ந்து நன்றாக வடியும். நெடுந்தூரம் ஓடி வந்த வண்டி என்றால் அரை மணி நேரம் ஆற விடுங்கள். கொதிக்கும் ஆயில் கையைப் பொத்துவிடும். சைலன்சரில் கை, கால் படாமல் உட்காருங்கள்.

*படி 2.* ஆயில் ஊற்றும் மூடியைத் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள். மேலே காற்றுப் போனால்தான் கீழே சீராக வடியும்.

*படி 3.* இஞ்சினுக்கு அடியில் வடிகால் நட்டு இருக்கும். அதற்குக் கீழே பேசினை வையுங்கள். நட்டின் தலையை நமக்கு நேராகப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கும் திசையில் ஸ்பேனரைத் திருப்புங்கள். நட்டு இளகியதும் கையால் திருகி எடுங்கள். எடுக்கும் நொடியில் ஆயில் சடாரென்று ஊற்றும், கையை ஒதுக்கிக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் பெரிய மூடியாக இருக்கும். அதைத் திறந்தால் உள்ளிருந்து ஸ்பிரிங்கும் சின்ன வலையும் விழும். பயப்பட வேண்டாம். எது முதலில், எது பின்னால் வந்தது என்று பார்த்து அதே வரிசையில் துணி மேல் எடுத்து வையுங்கள்.

*படி 4.* பத்து நிமிடம் வடியட்டும். அந்த நேரத்தில் பழைய ஆயிலைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் அது அழுக்கை வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பால் விட்ட காப்பி போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மினுமினுவென்று இரும்புத் துகள் நிறைய இருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

*படி 5.* நட்டைத் துடைத்து, புது வாசர் போட்டு, முதலில் கையாலேயே நான்கு சுற்று ஏற்றுங்கள். லேசாக ஏற வேண்டும். இடறினால் கழற்றி மறுபடி நேராக வைத்து ஏற்றுங்கள். பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள், ஆனால் முழு பலத்தையும் போட்டு மிதிக்க வேண்டாம். இஞ்சின் அடிப்பகுதி அலுமினியம். மரை போய்விட்டால் செலவு பெரிது. ஆயில் மாற்றும்போது வரும் சிக்கல்களில் இதுதான் முக்கியமானது. அதனால் இந்தப் படியில் மட்டும் அவசரமே கூடாது.

*படி 6.* புத்தகத்தில் சொன்ன அளவைக் குவளையில் அளந்து, புனல் வைத்து மெதுவாக ஊற்றுங்கள். 100 சி.சி. வண்டிகள் பலவற்றுக்கு ஒரு லிட்டருக்குள்தான் பிடிக்கும். "பாட்டில்ல மிச்சம் எதுக்கு" என்று முழுவதையும் கவிழ்க்கக் கூடாது. அளவுக் குச்சியில் இரண்டு கோடு இருக்கும். ஆயில் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில், மேல்கோட்டை ஒட்டி நிற்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டினாலும் இஞ்சினுக்குக் கெடுதல்தான். குச்சியைத் திருகிப் பார்ப்பதா, சும்மா நுழைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதையும் புத்தகத்தில் பாருங்கள்.

*படி 7.* மூடியைப் போட்டு, இஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓட விடுங்கள். கீழே குனிந்து நட்டில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். அணைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து அளவை மறுபடி பாருங்கள். குறைந்திருந்தால் சிறிது ஊற்றுங்கள்.

*படி 8.* தேதி, கிலோமீட்டர், ஊற்றிய ஆயில், அளவு, விலை ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்து எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்பதையும் எழுதி, வண்டியில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். குழுவில் கணக்கு எழுதும் நமக்கு இது புதிது இல்லை.

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் கை கழுவுவது தோலுக்கு ஆகாது.

பழைய ஆயிலை என்ன செய்வது?

சகோதரிகளே, இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வடித்த ஆயிலை வாய்க்காலிலோ, ஓடையிலோ, கிணற்றடியிலோ ஊற்றக் கூடாது. நமது பள்ளத்தாக்கு 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீரால் விளைகிறது. இங்கே ஓடும் தண்ணீர் வைகை அணைக்குப் போய்ச் சேர்கிறது. அதற்குக் கீழே எத்தனையோ ஊர் அதைக் குடிக்கிறது. ஒரு பங்குக் கழிவு ஆயில் பத்து லட்சம் பங்கு நல்ல தண்ணீரைக் கெடுக்கப் போதும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு.

சொறி பிடித்த நாய்க்கும் மாட்டுக்கும் கழிவு ஆயிலைத் தடவும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதில் உலோகத் துகளும் நச்சுப் பொருளும் இருக்கும். பிராணி நக்கினால் வயிற்றுக்குள் போகும். மாட்டை மருந்தகத்துக்கு ஓட்டிப் போங்கள். அடுப்பில் ஊற்றி எரிப்பதும் கூடாது, அந்தப் புகை கெடுதல்.

கழிவு ஆயிலை மூடி உள்ள கேனில் சேர்த்து, மேலே "கழிவு ஆயில்" என்று பெரிதாக எழுதி வையுங்கள். சமையல் எண்ணெய் டின்னிலோ தண்ணீர் பாட்டிலிலோ வைத்தால் பிள்ளைகள் ஏமாந்துவிடும். 2016-ம் ஆண்டு விதிகளின்படி கழிவு ஆயில் அபாயக் கழிவு. அதை மறுசுழற்சி செய்யும் பொறுப்பில் ஆயில் கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் யார் என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கேட்கலாம். ஒரு லிட்டரைத் தூக்கிக்கொண்டு அவர்களைத் தேடிப் போக முடியாது. இருபது லிட்டராகச் சேர்ந்தால் கொடுக்க வழி பிறக்கும். பொது இடம் வேண்டும் என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொதுக் கருவி இடம்: எப்படித் தொடங்கலாம்?

ஆண்டுக்கு இரண்டு, மூன்று தடவை செய்யும் வேலைக்கு வீட்டுக்கு வீடு ஸ்பேனர் செட் வாங்குவது வீண் செலவு. கல்யாணத்துக்கு அண்டாவும் ஜமுக்காளமும் குழுவில் வாங்கி வைத்து வாடகைக்கு விடுகிறோம் அல்லவா? அதே கணக்குத்தான் இதுவும். ஜெர்மனியில் மணிக்கணக்கில் இடத்தையும் கருவியையும் வாடகைக்குத் தரும் பட்டறைகள் உண்டு. வண்டிக்காரரே வந்து தன் வண்டியைச் சரி செய்துகொள்வார். அந்த நாட்டு மொழியில் அதற்குப் பெயர் 'சுய உதவிப் பட்டறை'. நம்ம குழுவின் பெயர்தான்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கருவிகள் 3,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து குழு, குழுவுக்கு 12 பேர், மொத்தம் 60 பேர். ஆளுக்கு 50 ரூபாய் போட்டால் 3,000 வந்துவிட்டது. ஒரு தடவை பயன்படுத்த 20 ரூபாய் கட்டணம் வைத்து, மாதம் 15 வண்டி வந்தால் 300 ரூபாய். பத்து மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். அதற்குப் பிறகு வருவதில் காற்றடிக்கும் பம்பு வாங்கலாம்.

இடம் பெரிதாக வேண்டாம். பி.எல்.எஃப். கட்டடத்துத் தாழ்வாரமோ, சிமெண்டுத் தரை போட்ட ஒரு கொட்டகையோ போதும். விதிகளைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்:

– மாதம் இருவர் பொறுப்பு, சுழற்சி முறையில். சாவி அவர்களிடம்.
– கருவி எடுத்தால் பதிவேட்டில் கையெழுத்து. வீட்டுக்கு இரவல் கிடையாது.
– முதல் மூன்று தடவை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் நட்டைத் தொடக் கூடாது.
– கழிவு ஆயில் கேனுக்குள் போன பிறகுதான் வண்டி வெளியே போக வேண்டும்.
– பிரேக், கார்புரேட்டர், மின்சார வேலை இங்கே செய்வதில்லை. அது மெக்கானிக் வேலை.

கடைசி விதி முக்கியம். ஊர் மெக்கானிக் தம்பிக்கு எதிராக நாம் இதைச் செய்யவில்லை. முதல் பயிற்சிக்கு அவரையே கூப்பிடுங்கள், அரை நாள் கூலி கொடுங்கள். பாடம் தெரிந்தபின் அவரிடம் வண்டி விட்டால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். "எந்த ஆயில் ஊத்துனீங்க? பழைய வாசரைக் காட்டுங்க" என்று நாம் கேட்போம். அவரும் மதித்துப் பதில் சொல்வார்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

1. நமது குழுவில் எத்தனை வண்டி? ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது? சாவி பெரும்பாலும் யார் கையில் இருக்கிறது?
2. ஒவ்வொரு வண்டிக்கும் கடைசியாக எப்போது ஆயில் மாற்றியது? தெரியாத வண்டிகள் எத்தனை?
3. வண்டிக்கென்று கடன் கொடுக்கும்போது பராமரிப்புக்கு மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று நாம் பேசுகிறோமா?
4. நமது ஊரில் கழிவு ஆயில் இப்போது எங்கே போகிறது?
5. பொதுக் கருவி இடத்துக்கு எந்த இடம் பொருத்தம்? முதலில் பழக முன்வரும் இரண்டு பேர் யார்?

இந்தக் கேள்விகளுக்கான பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மூன்று ஊரிலிருந்து பெயர் வந்தால் போதும், பயிற்சிக்கு நாள் குறித்துவிடலாம். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை: அளவுக் குச்சியை எடுத்துத் துடைத்து, நம்ம வண்டியில் ஆயில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் பயிற்சி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நாளைக்கே அதே வகை ஆயிலை வாங்கி அளவுக்கு ஊற்றிவிடுங்கள்.